குள்ளர் மேட்டில் பேர் கூப்பிடுகிறார்கள்

நடுக்கொட்டாய்,
தேன்கனிக்கோட்டை வழி.
6.1.2025, திங்கள்

சாந்தம்மாவுக்கு,

கோவிந்தப்பன் வீட்டுப் பூவம்மாள் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கிழி.

இருபத்திரண்டு வருஷம் பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். உன் மகன் தினேஷ்குமாரின் போன் நம்பர், கம்பெனி பஸ் ஓட்டுகிற ஆனந்தராஜிடம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பான். ஆனால் போனில் நான் கத்துவேன், நீ பாதியில் வைத்துவிடுவாய். நாம் இருவரும் ரேவதி டீச்சரிடம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவர்கள்தானே. கை இன்னும் எழுதும். ஆனந்தராஜ் காலையில் ஓசூருக்கு ஆள் ஏற்றிப் போகும்போது இதைக் கொடுப்பான். பதிலையும் அவன் கையிலேயே கொடு.

முதலில் நல்ல சேதி. என் பேத்தி ரேவதி தொல்லியல் படித்து முடித்து வேலைக்குப் போகிறாள். எடுத்த ஆறு பேரில் இவள்தான் சின்னவள். வேலை எங்கே தெரியுமா? நம் குள்ளர் மேட்டில். அதைக் கற்குவை என்று சொல்ல வேண்டுமாம். செத்தவர்களைப் புதைத்து மேலே கல்லைக் குவித்திருக்கிறார்களாம், மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால். இரண்டு வருஷமாகச் சுற்றிலும் கம்பிவேலி, முன்னால் நீலப் போர்டு. பாதுகாக்கப்பட்ட சின்னம், ஒரு கல்லை நகர்த்தினாலும் தண்டனை என்று எழுதியிருக்கிறது. தோண்ட மாட்டார்கள். உண்ணிச்செடியை வெட்டிவிட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் சாக்பீஸில் நம்பர் போட்டு, அளந்து படம் வரைகிறார்கள். என் பேத்தி வரைகிற கோடு அச்சுப் போட்டது மாதிரி இருக்கும்.

இப்போது உன்னிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

மேட்டுக்குக் கிழக்கே ஊஞ்ச மரத்தடியில் புதரை வெட்டினபோது ஒரு சின்னக் கல்வட்டம் வெளியே வந்திருக்கிறது. வண்டிச் சக்கரம் அகலம். கைப்பிடி அளவுக் கற்கள், ஐம்பது. குழந்தையைப் புதைத்த இடமாக இருக்கும், இப்படி எங்கேயும் பார்த்ததில்லை என்று ரேவதி குதிக்கிறாள்.

அது எந்த இடம் என்று உனக்குத் தெரியும். 1975, மாசி இரண்டாம் தேதி. மூன்றே நாள் இருந்துவிட்டுப் போன என் தலைச்சன் பெண்ணை நீயும் மருத்துவச்சியான உன் அம்மாவும்தான் தூக்கிக்கொண்டு போனீர்கள். என் மாமியார் என்னை வாசல் தாண்ட விடவில்லை. பேர் வைக்காத குழந்தையை ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும் வழக்கம் நம் நடுக்கொட்டாயில் கிடையாது. மேட்டுக்கு அடியில் இருக்கிற குள்ளரிடம் விட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்பார்கள்.

அன்றைக்கு நீ எத்தனை கல் வைத்தாய்? அதை மட்டும் எழுது.

பூவம்மாள்



ஓசூர்,
11.1.2025

அம்மாவுக்கு,

சாந்தம்மா எழுதிக்கொள்வது.

ஒன்று.

ஒரே ஒரு கல். கருப்பு, நடுவில் வெள்ளை ரேகை ஓடும். கேட்டதற்குப் பதில் முடிந்தது. ஆனால் தாள் மீதி இருக்கிறது, ஆனந்தராஜ் டீ குடித்துவிட்டு வரப் பத்து நிமிஷம் ஆகும் என்றான். அதனால் எழுதுகிறேன்.

இங்கே மூன்றாவது மாடியில் இருக்கிறோம். மகனுக்கு ஒரு ஷிப்ட், மருமகள் ரூபாவுக்கு ஒரு ஷிப்ட். ஒருவர் செருப்பைக் கழற்றும்போது இன்னொருவர் மாட்டுவார். நான் இரண்டு பேருக்கும் சோறு மூடி வைக்கிறேன். இந்த ஊரில் யாரும் என்னை எழுந்து போ என்று சொன்னதில்லை.

2002-இல் உங்கள் பேத்திக்குப் பேர் வைத்த அன்று என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கும் இருக்கிறது. தொட்டில் பக்கம் நான் வரக்கூடாது, வாசலில் நின்றேன். உங்கள் மகன் திருமலை குழந்தை காதில் மூன்று தடவை பேர் சொன்னது வெளியே கேட்டது. கேட்டதும் வாய் என்னையும் மீறிக் கத்தியது. "அந்தப் பேரு வேணாம்மா! வேற எது வேணா வெய்ங்க!"

நீங்கள் வெளியே வந்தீர்கள். புதுப் புடவை, தலை நிறையக் கனகாம்பரம். "எங்க ஊட்டுப் புள்ளைக்குப் பேரு வெக்க நீ யாருடி?" மாட்டுக் கொட்டகை ஓரத்தில் எனக்குப் போட்டிருந்த இலையை உங்கள் கையாலேயே மடித்தீர்கள். சோறு இன்னும் விழவில்லை. வெறும் இலையை மடித்து இதுவரை நான் பார்த்ததில்லை.

ஏன் கத்தினேன் என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நீங்கள் கேட்கவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் பொண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறதா?

சாந்தம்மா



நடுக்கொட்டாய்,
20.1.2025

சாந்தம்மாவுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. பண்டிகை நாளில் படிக்கிற மாதிரி எழுதத் தெரியவில்லை உனக்கு. இலையை மடித்தேன், ஆமாம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற வீட்டில் தொட்டிலைப் பார்த்துக் கத்தினால் வேறு என்ன செய்வார்கள்? என் பேத்திக்கு ஒரு குறையும் கிடையாது. கூப்பிட்டால் திரும்புவாள். நன்றாகத் திரும்புவாள்.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டு ஒரு வாரம் அனுப்பாமல் இருந்தேன். இப்போது மேலே எழுதுகிறேன்.

திரும்புவதில்லை.

கார்த்திகை வரைக்கும் ஒரு சத்தத்துக்கு ஓடி வருவாள். அந்தச் சின்ன வட்டம் வெளியே வந்த பிறகு மூன்று தடவை, நான்கு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. தோளைத் தொட்டால் திடுக்கிடுகிறாள். "என்னையா கூப்ட்டீங்க?" என்கிறாள். வேறு யாரையோ கூப்பிட்ட மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது. மேட்டு வேலைக்குச் சூப்பர்வைசர் குருமூர்த்தி என்று ஒருவர். காலை எட்டு மணிக்கு எல்லோரையும் வேலி ஓரம் நிற்கவைத்துப் பேர் கூப்பிடுவார். தலையை நிமிர்த்தவே மாட்டார், கண் நோட்டில்தான். பெண்கள் சிலர் இருக்கறேன் என்பார்கள், சிலர் தெலுங்கில் உன்னானு, சிலர் கன்னடத்தில் இதீனி. ஒரு நாள் நான் சாப்பாட்டுத் தூக்கு கொடுக்கப் போயிருந்தேன். "ரேவதி" என்றார். என் பேத்தி என் பக்கத்தில் நின்று இருக்கறேன் என்றாள். அதே நேரத்தில் மேட்டுக்குக் கிழக்கேயிருந்தும் ஒரு "இருக்கறேன்."

"ரெண்டு ரேவதியா? ஒருத்திக்குத்தான் ஆஜர் போடுவேன்" என்று குருமூர்த்தி சிரித்தார், தலையை நிமிர்த்தாமலேயே.

"பாறையில மோதித் திரும்புது சார்" என்றாள் களை வெட்டுகிற காவேரி.

"அப்ப உம்பேரு மட்டும் ஏன்டி மோத மாட்டேங்குது? உம்பேருன்னா பாறைக்கும் புடிக்கலையா?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். தினமும் இப்படித்தானாம். பழகிவிட்டதாம்.

ரேவதி சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னாள். தனியாக அளக்கிற நாளில் டேப்பின் ஒரு முனையைக் கல்லில் மாட்டிவிட்டு இந்த முனைக்கு வருவாளாம். தொங்க வேண்டிய டேப் விறைப்பாக நிற்குமாம். அந்தப் பக்கம் யாரோ சரியாகப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

நீ அன்றைக்கு என்னவோ பார்த்திருக்கிறாய். வந்து எடுத்துவிட வேண்டியதை எடுத்துவிட்டுப் போ. பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் தந்துவிடுகிறேன்.

பூவம்மாள்



ஓசூர்,
27.1.2025

அம்மாவுக்கு,

கூலி என்கிற வார்த்தையில் உங்கள் கடிதத்தை மூடி வைத்தேன். ரூபா எடுத்துப் படித்துவிட்டு, "இந்தம்மாவுக்கு ஏன் அத்தை பதில் எழுதறீங்க?" என்றாள். எனக்கே தெரியவில்லை. உங்களுக்காக இல்லை. அந்தப் பொண்ணுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவளைப் பார்த்த ஞாபகம் ஒரு தொட்டில் துணியும் அதிலிருந்து நீட்டின ஒரு கையும்தான்.

நடந்ததைச் சொல்கிறேன்.

1975-இல் உங்கள் வீட்டுப் புழக்கடை வாசலில் என் கையில் குழந்தையைக் கொடுத்தீர்கள். வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. உங்கள் மாமியார் அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில் நீங்கள் குனிந்து அதன் காதில் ஒரு பேர் சொன்னீர்கள். நம் டீச்சர் பேர். யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்தீர்கள். குழந்தை என் நெஞ்சோடு இருந்தது. எனக்குக் கேட்டது.

வழியில் என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நடையை நிறுத்திவிட்டாள். பேரில்லாதவைதான் குள்ளருக்கு. அவற்றைத்தான் அவர்கள் தங்களோடு சேர்த்துக்கொள்வார்கள். பேரோடு போனதைத் தொட மாட்டார்கள், அது அங்கே தானாக வளரும் என்றாள். "இத யார்கிட்டயும் சொல்லாத. பெத்த பொண்ணு வாழ வேண்டியவ" என்றாள். சொல்லவில்லை.

அடுத்த மாசியில் ஆடு மேய்க்கிற சாக்கில் போய்ப் பார்த்தேன். நான் வைத்த கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல் இருந்தது. அதற்கப்புறம் நான் போகவில்லை.

ஐம்பது கல் என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை வருஷம் ஆனது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குச் சொந்தமான பேரை நீங்கள் இன்னொரு குழந்தைக்கு வைத்தீர்கள். அந்தக் குழந்தை இருபத்திரண்டு வருஷம் கழித்துத் தன் காலாலேயே நடந்து அதன் பக்கத்தில் போய் நிற்கிறது. தினமும் காலையில் ஒருவர் சத்தமாக அந்தப் பேரைக் கூப்பிடுகிறார். யார் பதில் சொல்வார்கள்?

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கல்லை வைத்தவள் எடுக்க வேண்டும். பெற்றவள் வேறு பேர் சொல்லித் திரும்ப வைக்க வேண்டும். வேலியும் போர்டும் இருக்கிற இடத்தில் அது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

கூலி வேண்டாம்.

சாந்தம்மா



நடுக்கொட்டாய்,
16.2.2025, ஞாயிறு

சாந்தம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த அன்று முழுக்க எனக்கு உன் மேல் கோபம். பேர் சொன்னது உனக்குத் தெரியும் என்பதை இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாயே என்று. அப்புறம் யோசித்தேன். எந்த வாயால் சொல்லியிருப்பாய்? நான்தான் இலையை மடித்துவிட்டேனே.

முந்தாநாள் மாசி இரண்டு. நீ வருவாய் என்று காத்திராமல் நானே போனேன். மத்தியானம், எல்லோரும் மர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேலியில் ஆடு நுழைகிற சந்து ஒன்று இருக்கிறது, அதில் புகுந்தேன். முதுகில் கம்பி கிழித்தது. வெள்ளை ரேகை ஓடுகிற கல்லைக் கண்டுபிடித்துவிட்டேன். அதில் நம்பர் ஒன்று என்று சாக்பீஸில் எழுதியிருந்தது. ரேவதியின் கையெழுத்து. குனிந்து கை வைக்கப் போனேன்.

"பாட்டி! தொடாதீங்க!"

அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். கோபம் இல்லை, பயம். "ஒவ்வொரு கல்லுக்கும் நான் கையெழுத்துப் போட்டிருக்கேன் பாட்டி. ஒண்ணு அசைஞ்சா நான்தான் பதில் சொல்லணும். இந்த ஒரு வட்டத்துக்காகத்தான் பக்கத்து பூமியில கிரானைட்டு வெட்றது நின்னிருக்குது. எங்க பாட்டியே கலைச்சாங்கன்னு நான் எழுதறதா?"

அவள் வேலையை நான் கெடுக்க முடியாது. அந்தப் போர்டைப் பார்த்து ஊரில் முதலில் பெருமைப்பட்டவள் நான்தான். நிமிர்ந்தேன். அப்போது அவள் முகம் மாறியது. என்னைப் பார்க்கவில்லை, வட்டத்தைப் பார்த்தாள். விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஐம்பத்தொன்று. கடைசிக் கல்லில் நம்பர் இல்லை. அடியில் மண் ஈரமாக இருந்தது. மழை பெய்து மூன்று மாசம் ஆகிறது.

"யாரோ வெளையாடறாங்க" என்றாள் ரேவதி. அவள் குரலே அவளுக்குக் கேட்காத மாதிரி மெதுவாக.

ஓசூரில் காது டாக்டரிடம் திருமலை கூட்டிப்போனான். காது சுத்தமாகக் கேட்கிறதாம். மிஷினில் விதவிதமாக ஒலி வைத்துப் பார்த்தார்களாம், எல்லாவற்றுக்கும் கை தூக்கினாளாம். வெளியே வந்து நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டபோது அசையாமல் உட்கார்ந்திருந்தாளாம். நேற்று ஒரு பாரத்தில் பேர் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். "பாட்டி, இது நெஜமாவே எம்பேருதானா?" என்று கேட்டாள்.

சாந்தம்மா, எனக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அன்று உன் இலையை மடித்திருக்கக் கூடாது. எழுதிவிட்டேன், போதுமா என்று கேட்கவில்லை. போதாது என்று தெரியும்.

பள்ளிக்கூடத்தில் நீ என்னைப் பூவு என்றுதான் கூப்பிடுவாய். இனிமேல் அப்படியே எழுது. அம்மா வேண்டாம். நமக்கு ஒரே வயசு.

பூவு



ஓசூர்,
19.2.2025

அம்மாவுக்கு,

கூப்பிட மாட்டேன். அந்தப் பேர் வாயில் வரவில்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்த மறுநாள் கடலைக்காய் பிடுங்க உங்கள் நிலத்துக்கு வந்தேன். "ஏ பூவு" என்றேன். என் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "அம்மான்னு சொல்லு." நீங்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல் தொண்டையில் எங்கேயோ இறங்கிவிட்டது. நீங்கள் ஒரு கடிதத்தில் கேட்டால் ஏறி வராது.

ஆனால் பள்ளிக்கூடம் என்று எழுதினீர்களே, அதில் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

மாங்காய்க் காலத்தில் நீங்கள் தோட்டத்துக்கு ஓடிவிடுவீர்கள். டீச்சர் பேர் கூப்பிடும்போது கடைசி வரிசையில் குனிந்துகொண்டு உங்கள் குரலில் "உள்ளேன் டீச்சர்" என்பேன். அன்று நீங்கள் ஆஜர். மரத்தின் மேல் இருந்தாலும் ஆஜர். யார் பதில் சொன்னார்களோ அவர்களுக்குத்தான் அந்தப் பேர், அன்றைக்கு.

கல்லை எடுக்க வேண்டாம். எடுக்க வேண்டியது பேரைத்தானே? என் மகன் கம்பெனியில் பேரே கூப்பிடுவதில்லை, விரலை வைத்தால் போதும். உங்கள் மேட்டில் தினமும் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள். அங்கே ஒரு பேர் கூப்பிடட்டும். அந்தப் பேருக்கு உரியவள் வாயைத் திறக்காமல் நிற்கட்டும். அந்தக் குழந்தை பதில் சொன்னால் அதை எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். ஒருவருக்கு இரண்டு பேர் எதற்கு? பழையதை விட்டுவிடும்.

சட்டம் எதுவும் மீறவில்லை. உங்கள் பேத்தி கையெழுத்துக்கும் ஒன்றும் ஆகாது.

ஆனால் வேறு யாருடைய பேரையும் கொடுக்க முடியாது. ஒரு பேருக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையைத் தள்ள முடியாது. பெற்றவள் பேர்தான். கொடுத்தது திரும்பி வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். பேர் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. என் அம்மாவுக்கும் தெரிந்திருக்காது.

சம்மதம் என்றால் குருமூர்த்தி நோட்டில் உங்கள் பேர் ஏற வேண்டும். அதற்கு நீங்கள் களை வெட்டுகிற பெண்களோடு வரிசையில் நிற்க வேண்டும். தலையில் துண்டு, கையில் கூடை. நானும் நிற்கிறேன். அந்த ஒரு நாளைக்கு வருகிறேன். சோறு நானே கட்டிக்கொண்டு வருவேன்.

யோசித்து எழுதுங்கள்.

சாந்தம்மா



நடுக்கொட்டாய்,
21.2.2025

சாந்தா,

யோசிக்க ஒன்றும் இல்லை. குருமூர்த்தியிடம் போய் இரண்டு பேரையும் எழுதச் சொன்னேன். "உங்க நெலத்துலயே நூறு பேருக்கு வேல குடுப்பீங்களே, உங்களுக்கு எதுக்கும்மா கூடை?" என்றார். வேலைக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் என் கிணற்றிலிருந்து வருகிறது, அதை ஞாபகப்படுத்தினேன். எழுதிக்கொண்டார். நம் வயசுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலையாம்.

திருமலை நேற்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஊர்ல தல காட்ட முடியாதுமா" என்றான். காட்டாமல் இரு என்றேன்.

24-ஆம் தேதி, திங்கள். எட்டு மணி.

என்னுடைய பேரை நான் ஒரு தாளில் பத்துத் தடவை எழுதிப் பார்த்தேன். நல்ல பேர்தான்.

பூவம்மாள்



ஓசூர்,
26.2.2025

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பிக்கிறேன்.

அன்று வேலை முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். பேசினேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

உங்களுக்கு எவ்வளவு கேட்டது என்று எனக்குத் தெரியாது, அதனால் நான் கேட்டதை எழுதுகிறேன். முதலில் ரேவதி பேரைக் கூப்பிட்டார். உங்கள் பேத்தி வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து வந்துவிட்டது. குழந்தைக் குரல் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். இல்லை. ஐம்பது வயசுக் குரல். பேர் வைத்த அன்று உங்கள் குரல் எப்படி இருந்ததோ அப்படியே.

அப்புறம் காவேரி, அப்புறம் மற்றவர்கள். நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள், துண்டு நழுவிக்கொண்டே இருந்தது, உங்களுக்குக் கட்டத் தெரியவில்லை. கடைசியில் "பூவம்மாள்" என்றார்.

அறுபத்தெட்டு வருஷத்துப் பழக்கம். உங்கள் உதடு திறந்தது. அதனால்தான் என் கையால் உங்கள் வாயைப் பொத்தினேன். மற்ற பெண்கள் மூச்சை இழுத்தது கேட்டது, காலனிக்காரி மேல்தெரு அம்மா முகத்தில் கை வைக்கிறாள் என்று. நீங்கள் தட்டிவிடவில்லை. உங்கள் மூச்சு சூடாக என் உள்ளங்கையில் பட்டது. நாம் தொட்டு எத்தனை வருஷம்?

குருமூர்த்தி பேனாவால் நோட்டைத் தட்டினார். "பூவம்மாள், இருக்கறீங்களா இல்லையா?"

"இருக்கறேன்."

மேட்டுக்குக் கிழக்கேயிருந்து வந்தது. தினமும் பதில் சொல்லிப் பழகினவள் மாதிரி இல்லை. முதல் தடவையாகப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை சொல்லுமே, அப்படி.

குருமூர்த்தி டிக் அடித்தார். நிமிரவில்லை. "ரேவதி, டேப்ப எடும்மா" என்றார். "இதோ சார்" என்று உங்கள் பேத்தி ஒரே சத்தத்துக்குத் திரும்பினாள். அங்கேயிருந்து எதுவும் வரவில்லை. நீங்கள் என் கைக்குள் அழுதீர்கள், எனக்கு மட்டும் தெரியும்.

மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். நீங்கள் வந்து உட்கார்ந்து என் பொட்டலத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டீர்கள். கேட்காமல். காரம் அதிகம் என்றீர்கள். இப்போது சொல்கிறேன், எங்கள் வீட்டில் காரம் அப்படித்தான்.

சாயந்திரம் பஸ் வந்தது. படியில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் போர்டுக்குப் பக்கத்தில் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அப்போது அந்தச் சொல் ஏறி வந்தது. எங்கிருந்து வந்ததோ. "பூவு!" என்று கூப்பிட்டேன். நீங்கள் திரும்பவில்லை. இன்னும் சத்தமாக, "ஏ பூவு!" ஆனந்தராஜே வண்டியை அணைத்துவிட்டுப் பார்த்தான். மூன்றாவது தடவையும் நீங்கள் திரும்பவில்லை.

பழைய திமிர்தான் என்று தேன்கனிக்கோட்டை வரைக்கும் நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே பஸ் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

உங்களுக்குக் கேட்டிருக்காது. ஐம்பத்தேழு வருஷம் கழித்துக் கூப்பிட்டேன், உங்களுக்குக் கேட்டிருக்காது.

சாந்தம்மா



நடுக்கொட்டாய்,
6.3.2025

சாந்தா,

கேட்கவில்லை. பஸ் சத்தம் கேட்டது, ஆனந்தராஜ் ஹாரன் அடித்தது கேட்டது. நீ போகும்போது ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

ரேவதி நன்றாக இருக்கிறாள். ஒரு சத்தத்துக்கு வந்து நிற்கிறாள், சில நேரம் கூப்பிடாமலேயே. படம் முடித்துக் கொடுத்துவிட்டாள். ஐம்பத்தொன்றாவது கல்லை மறைக்காமல், எப்படி வந்தது தெரியவில்லை என்றே எழுதியிருக்கிறாள். என் பேத்தி பொய் எழுத மாட்டாள்.

எனக்கு மற்றதெல்லாம் கேட்கிறது. திருமலை அம்மா என்றால் கேட்கிறது, பாட்டி என்றால் கேட்கிறது. அந்தப் பேர் மட்டும் இல்லை. தபால்காரர் வாசலில் நின்று நான்கு தடவை கூப்பிட்டாராம். நான் எதிரிலேயே உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் வாய் அசைந்தது, நடுவில் ஒரு இடத்தில் சத்தம் இல்லை. ரேஷன் கார்டை எடுத்துப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் தெரிகின்றன, சேர்த்துப் படித்தால் யாரோ ஒரு பெண்ணின் பேர். நல்ல பேர்தான். என்னுடையது இல்லை.

குருமூர்த்தி நோட்டிலிருந்து அந்தப் பேரை நீக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. நான் அந்த ஒரு நாள்தான் போனேன். ரேவதி சொல்கிறாள், தினமும் காலையில் கடைசியாக அந்தப் பேரைக் கூப்பிடுகிறாராம், தினமும் ஆஜர் போடுகிறாராம். தலையை நிமிர்த்தினால்தானே. அவரிடம் சொல்ல வேண்டாம் என்றேன். என் பெண்ணை மூன்று நாள் மட்டும் மடியில் வைத்திருந்தேன். அது தினமும் வரிசையில் நின்று பதில் சொல்கிறது என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

யோசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு நாளும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமியார் 'ஏ பொண்ணே' என்பாள். ஊருக்கெல்லாம் நான் அம்மா. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள் நீ ஒருத்திதான், அதுவும் ஐந்தாம் வகுப்போடு நின்றது. பெரிதாக எதையோ கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எதைக் கொடுத்தேன் என்று தெரிந்தது.

உன் கடிதத்திலும் அந்த இடங்களில் யாரோ ஒருத்தியின் பேர்தான் எனக்குத் தெரிகிறது. ரேவதியைப் படிக்கச் சொன்னேன். அவள் படித்தாள், வாய் அசைந்தது. மூன்று தடவை கூப்பிட்டாய் என்பது மட்டும் புரிந்தது.

அதனால் ஒன்று செய். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வா. எனக்கு ஒரு பேர் வை. எங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பேர் வைக்க நீ யார் என்று கேட்டேன் அல்லவா, இப்போது நானே கேட்கிறேன். கூடத்தில் உட்கார்ந்து வை. டீச்சர் பேர் வேண்டாம். உன் வாய்க்குச் சுலபமாக வருகிற பேராகப் பார்த்துக் கொண்டுவா.

மத்தியானத்துக்கு இலை போட்டிருப்பேன். காரம் தூக்கலாகவே சமைக்கச் சொல்லியிருக்கிறேன்.

கீழே கையெழுத்துப் போடும் இடத்தை விட்டிருக்கிறேன். நீ வந்து நிரப்பு.